லேபிளில் 12 இருக்கிறதா பாருங்கள்

எட்டு வருடம் முன்பு ஒரு பையர், அதாவது ஆர்டர் கொடுப்பவர், திருப்பூரில் எங்கள் துணிக் கம்பெனிக்கு சாம்பிளாக ஒரு பழைய ஜெர்மன் ராணுவ ஜாக்கெட்டை அனுப்பினார். இதே காலர், இதே பாக்கெட் வேண்டும் என்று கூடவே ஒரு சீட்டு. சாம்பிள் என்றால் பிரித்துப் பார்த்துத்தான் பேட்டர்ன் எடுப்போம். எங்கள் கட்டிங் மாஸ்டர் அண்ணன் கத்தரியைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். முப்பது வருடம் பழைய துணி. ஒரு தையல் விடவில்லை, ஒரு காஜா பிரியவில்லை. "இதப் பிரிக்கக் கூடாது கண்ணு" என்று சொல்லி, பிரிக்காமலேயே அளவெடுத்தார். அன்றிலிருந்து எனக்கு அந்தத் துணிமேல் ஒரு பிடிப்பு.

2024 அக்டோபரில் வேலை விஷயமாக ஜெர்மனி போனேன். வேலை 2ஆம் தேதி முடிந்தது. மீதி ஐந்து நாளும் பழைய ராணுவத் துணி தேடி அலைந்தேன். அன்றன்று ராத்திரி எழுதி வைத்ததைத்தான் தேதிவாரியாகப் போடுகிறேன்.

அக்டோபர் 3, வியாழன் – பெர்லின்

காலை பத்து மணிக்கு விடுதியை விட்டு வெளியே வந்தால் தெருவில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. மளிகைக் கடைக்குக்கூட ஷட்டர். இன்று இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள், நாடு முழுக்க விடுமுறை. வரும் முன்னால் பார்த்திருக்க வேண்டும். ஐந்து நாளில் ஒரு நாள் போயிற்று.

ஆனால் இந்தத் தேதிக்கும் நான் தேடி வந்த சரக்குக்கும் சம்பந்தம் உண்டு. 1990 அக்டோபர் 3 அன்று நாடு ஒன்றானது. அதற்கு முந்தைய நாளோடு கிழக்கு ஜெர்மனியின் ராணுவமான என்.வி.ஏ. கலைக்கப்பட்டது. 1956இல் தொடங்கிய ஒரு ராணுவம் ஒரே இரவில் இல்லாமல் போனது. கிடங்கு கிடங்காக இருந்த அதன் உடுப்பெல்லாம் மேற்கு ஜெர்மனியின் ராணுவமான புண்டஸ்வேர் கைக்கு வந்தது. அது என்ன செய்யும், அதற்கு ஏற்கெனவே சொந்தச் சீருடை இருந்தது. அதனால் என்.வி.ஏ. துணி மூட்டை மூட்டையாக வெளிச்சந்தைக்குப் போனது. முப்பத்து நான்கு வருடம் ஆன பிறகும் யாரும் உடுத்தாத புது உடுப்பு சந்தையில் கிடைப்பது இதனால்தான்.

குளிர் 11 டிகிரி, விடாத தூறல். ஒரு துருக்கிக் கடை மட்டும் திறந்திருந்தது. ரொட்டிக்குள் கறி வைத்த டோனர் 7 யூரோ. ரொட்டியை எடுத்துக் கொடுக்கும்போதே கடைக்காரர் கத்தியில் ஒரு துண்டு கறியைச் சீவி, "இதைத் தின்றுகொண்டு நில்லுங்கள்" என்பதுபோல் கையில் கொடுத்தார். குளிரில் அது பெரிய உபசாரம்.

சாப்பிட்டு முடித்து தண்ணீர் பாட்டிலோடு நின்றபோது ஒரு பெரியவர் வந்து, தலையை லேசாகச் சாய்த்து, பாட்டிலைக் காட்டி ஏதோ கேட்டார். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 4, வெள்ளி – பெர்லின்

இந்தப் பயணத்தில் நான் படித்த பாடமெல்லாம் இன்று ஒரே கடையில் படித்தது. ஃப்ரீட்ரிஷ்ஹைன் பக்கம், ஒரு குடியிருப்பின் தரைத்தளத்தில் இருக்கும் ராணுவ உபரித் துணிக்கடை. கதவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையும் பழைய கான்வாஸ் வாசனையும் கலந்து முகத்தில் அடித்தது. கடைக்காரருக்கு எழுபது இருக்கும். வணக்கம் சொன்னார், அப்புறம் இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஒரு ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுத்தான் எழுந்து வந்தார். தையல் வேலையா என்று கேட்டார். ஆமாம், துணிக் கம்பெனியில் தர சோதனை என்றேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

முதலில் லேபிளைக் காட்டினார். புண்டஸ்வேர் உடுப்பின் உள்ளே வெள்ளைத் துணியில் தயாரிப்பாளர் பெயர், அளவு, பல சமயம் வருடம், அதோடு ஒரு நீண்ட எண் இருக்கும். நேட்டோ நாடுகள் எல்லாம் தங்கள் சரக்குக்கு ஒரே முறையில் 13 இலக்க எண் கொடுக்கின்றன. முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை. 8415 என்றால் சிறப்புப் பயன்பாட்டு உடுப்பு, 8405 என்றால் ஆண்களின் மேலாடை. அடுத்த இரண்டு இலக்கம் நாடு. ஜெர்மனிக்கு 12. பிரான்சுக்கு 14, நெதர்லாந்துக்கு 17, பிரிட்டனுக்கு 99. "விற்பவன் என்ன சொன்னாலும் கேளுங்கள், ஆனால் 12ஐத் தேடுங்கள்" என்றார்.

கிழக்கு ஜெர்மனி உடுப்பில் இந்த எண் இருக்காது. அது நேட்டோவுக்கு எதிரான வார்சா ஒப்பந்த அணியில் இருந்த நாடு. அதில் அளவே வேறு மாதிரி எழுதியிருக்கும்: சிறிய எழுத்தில் கே, எம், ஜி என்று குட்டை, நடுத்தரம், உயரம், பக்கத்தில் ஓர் எண். ஜி 48 என்றால் உயரமான ஆளுக்கு, மார்பு 96 சென்டிமீட்டர். அந்த எண் மார்புச் சுற்றளவில் பாதி.

அடுத்தது துணி. 1960களிலிருந்து 90களின் தொடக்கம்வரை மேற்கு ஜெர்மன் சிப்பாய் உடுத்திய ஆலிவ் நிற உடுப்பு மோல்ஸ்கின். மோல் என்பது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும், பட்டு மாதிரி ரோமம் கொண்ட ஒரு சின்னப் பிராணி. அதன் தோல் போல இருக்கும் என்பதால் அந்தப் பெயர். முழுக்கப் பருத்தி. சாட்டின் நெசவில் நூலை நெருக்கி நெருக்கி அடித்து, மேற்பரப்பை உரசி மென்மையாக்கியது. திருப்பூரில் நாங்கள் பின்னல் துணியோடு கிடப்பவர்கள், 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், என்றாலே கனமான டிசர்ட் என்போம். இதை விரலிடுக்கில் பிடித்தால் இரண்டு மூன்று டிசர்ட்டை ஒன்றாகப் பிடித்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் முரட்டுத்தனம் இல்லை. கட்டைவிரலால் நீவினால் வழுக்கிக்கொண்டு போகிறது. ஊதிப் பார்த்தேன், மறுபக்கம் வைத்த கையில் காற்றே படவில்லை.

பிறகு ஒரு ஹேங்கரிலிருந்து இரண்டு ஜாக்கெட்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் சீட்டில் 'பி.டபிள்யூ. ஒரிஜினல்' என்றிருந்தது, இன்னொன்றில் 'பி.டபிள்யூ. டைப்'. பி.டபிள்யூ. என்பது புண்டஸ்வேர். டைப் என்றால் அந்த மாதிரியில் இப்போது தைத்தது. ராணுவம் கண்ணில் பார்த்திராத துணி. அதை விற்பது குற்றமில்லை, மறைத்து விற்பதுதான் தப்பு என்றார். கையில் தொட்டால் வித்தியாசம் உடனே தெரிகிறது: டைப் மெல்லிசு, பாலியெஸ்டர் கலந்த மினுமினுப்பு, காஜாவில் நூல் அரைகுறையாக விழுந்திருக்கிறது.

ஒரிஜினலின் தோள்பட்டைக்குக் கீழே, சட்டைக் கையில், சின்னதாகக் கறுப்பு-சிவப்பு-பொன் கொடி தைத்திருப்பார்கள். சிலர் அதைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்த ஒரு ஜாக்கெட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்க் காட்டினார். கொடி இருந்த இடத்தில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு செவ்வகம், வெயில் படாததால் மற்ற இடத்தைவிட ஒரு ஷேட் கூடுதல் பச்சை. அதைச் சுற்றி வரிசையாக ஊசித் துளைகள். ஒரு பக்கத்தில் துளைகள் இரட்டையாக இருந்தன. முதல் தையல் விட்டு, யாரோ திரும்பத் தைத்திருக்கிறார்கள். இயந்திரத் தையல் இல்லை, இடைவெளி கோணல்மாணலாக இருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கட்டிலில் உட்கார்ந்து தைத்திருப்பான். மேற்கில் 1956இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. 2011 ஜூலையில்தான் நிறுத்தி வைத்தார்கள். இந்த உடுப்பை உடுத்தியவர்களில் பெரும்பங்கு அப்படி அழைக்கப்பட்டு வந்த பையன்கள்தான்.

பீரங்கி வண்டிக்காரர்கள் அணியும் முழுநீள அங்கி ஒன்றையும் காட்டினார். முதுகில் இரண்டு தோளுக்கும் நடுவே ஒரு மடிப்பு. அதற்குள் ஒரு தடித்த வார்ப்பட்டை. அடிபட்டவனை வண்டியின் மேல்துவாரம் வழியாகத் தூக்கி எடுக்க. அந்தப் பட்டையின் அடியில் போட்டிருந்த தையலை எண்ணிப் பார்த்தேன், வரிசைமேல் வரிசை. ஒரு ஆளின் எடையைத் தாங்க வேண்டிய தையல். எங்கள் லைனில் ஒரு பார்டேக், அதாவது இழுவை தாங்கப் போடும் இறுக்கத் தையல், விட்டுப்போனால் சரக்கு குறைச் சரக்காகச் செகண்ட்ஸுக்குப் போகும், அவ்வளவுதான். இங்கே ஒரு உயிர் போகும்.

இந்தச் சரக்கு அவருக்கு எப்படி வருகிறது என்று கேட்டேன். ராணுவம் கழித்த பொருள்களை பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் வேபெக் என்ற அரசு நிறுவனம் ஏலத்தில் விடும். பெரிய வியாபாரிகள் லாட் கணக்கில் எடுப்பார்கள், அவர்களிடமிருந்து இவரைப் போன்றவர்களுக்கு வரும்.

எனக்கு ஒரு மோல்ஸ்கின் ஜாக்கெட் எடுத்தேன். கிடங்கிலேயே இருந்து, யாரும் உடுத்தாதது. 35 யூரோ. உடுத்தாத பருத்தி, முதல் துவைப்பில் சுருங்கும், ஒரு அளவு பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என் பையில் எப்போதும் இஞ்ச் டேப் இருக்கும். அக்குளுக்கு அக்குள் குறுக்களவு 58 சென்டிமீட்டர். குறித்துக்கொண்டேன்.

அட்டை வாங்க மாட்டேன், ரொக்கம் மட்டும் என்றார். மழையில் ஏ.டி.எம். தேடிப் போனால் அந்த இயந்திரம் தன் பங்குக்கு 6 யூரோ பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து சொன்னதும் அவர் பேசாமல் 30 யூரோ மட்டும் எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 5, சனி – டிரெஸ்டன்

எல்ஸ்டர்வெர்டா என்ற சின்ன ஊரில் வண்டி மாற வேண்டும். முதல் வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதம், அடுத்தது கண்ணெதிரே போய்விட்டது. ஒரு மணி நேரம் நடைமேடையில் நடுங்கினேன். என்னைப் போலவே வண்டியை விட்ட ஒரு பாட்டி, பிளாஸ்க்கிலிருந்து மூடியில் டீ ஊற்றி நீட்டினார். சர்க்கரை இல்லாத புதினா டீ. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. மூடியை மாற்றி மாற்றிக் குடித்தோம்.

டிரெஸ்டனில் சனிக்கிழமைதோறும் எல்பே ஆற்றங்கரையில், ஆல்பர்ட் பாலத்தின் பக்கம், பழைய பொருள் சந்தை கூடும். அதற்கு அடுத்த கரோலா பாலத்தின் ஒரு பகுதி மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 11 அதிகாலையில், ஆற்றுக்குள் இடிந்து விழுந்திருந்தது. டிராம் ஓடும் பகுதி அது. அந்த நேரத்தில் மேலே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. கரையில் நின்று எல்லோரும் பேசாமல் அதைப் பார்த்தார்கள். நானும் நின்றேன்.

சந்தையில் ஒரு மேஜையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து பெல்ட் கொக்கிகள் இருந்தன. நடுவில் இருக்கும் ஸ்வஸ்திகா சின்னத்தின்மேல் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவில் குற்றம். நான் அந்தக் காலத்துத் துணி எதையும் வாங்குவதில்லை. போலி அதிகம் என்பது ஒரு காரணம். புற ஊதா விளக்கில் காட்டினால் பிற்காலத்து நூல் நீலமாக ஒளிரும் என்பார்கள், ஆனால் இன்றைய சோப்புத்தூளில் துவைத்த பழைய நூலும் அப்படி ஒளிரும். அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சீருடை எதற்காக உடுத்தப்பட்டது என்பது. அதை என் அலமாரியில் வைக்க எனக்கு மனமில்லை.

கடைசி வரிசையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, ஒரு போர்வை விரித்து வீட்டுச் சாமான்களை வைத்திருந்தார். மாவு சலிக்கும் சல்லடை, பீங்கான் தட்டுகள், கிறிஸ்துமஸ் பொம்மைகள். நடுவே மடித்து வைத்த ஒரு என்.வி.ஏ. களச்சட்டை. 1965இல் வந்த, கோடு போட்ட உருமறைப்பு வண்ணம்: சாம்பல் கலந்த பச்சையில் மழை பெய்கிற மாதிரி பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன நெட்டுக் கோடுகள். 'ஒரு கோடு, கோடில்லை' என்று சிப்பாய்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்களாம். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் கோடுகள் தெரியாது, ஒரே நிறமாகிவிடும்.

லேபிளைத் திருப்பினேன். ஜி 48. சரிபார்க்க இஞ்ச் டேப்பை எடுத்து மார்பு அளவைப் பிடித்தேன். அந்த அம்மா என் கையிலிருந்த டேப்பைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டார். பக்கத்துக் கடையில் இருந்த கல்லூரிப் பையனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்.

சட்டை அவர் அண்ணனுடையது. போன வருடம் இறந்துவிட்டார், வீட்டைக் காலி செய்கிறார்கள். கிழக்கில் 1962 முதல் கட்டாயச் சேவை, பதினெட்டு மாதம். கடைசி ஆறு மாதத்தில் இருக்கும் பையன்கள் ஒவ்வொருவரும் ஒரு தையல்காரர் டேப் வாங்கி வைத்துக்கொள்வார்கள். டேப்பின் நீளம் 150 சென்டிமீட்டர். வீடு திரும்ப 150 நாள் இருக்கும்போது தொடங்கி, நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் வெட்டுவார்கள். டேப்புக்கு வண்ணம் தீட்டி அலங்கரிப்பார்கள். மேலதிகாரிகளுக்கு இது பிடிக்காது, மறைத்துத்தான் வைக்க வேண்டும். 1984இல் அவர் அண்ணன், வெட்டிய துண்டுகளை வாரம் ஒரு முறை கடிதத்துக்குள் வைத்து வீட்டுக்கு அனுப்பினாராம். இந்த அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கைப்பையிலிருந்து ஒரு சின்ன பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே நகம் அகலத்துக்கு மஞ்சள் துண்டுகள். சிலவற்றின் ஓரத்தில் சிவப்பு மை. சில துண்டுகளில் கத்தரி நேராகப் போயிருந்தது, சிலவற்றில் சாய்ந்திருந்தது. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். 64. துணியின்மேல் பூசியிருந்த மெழுகு விரிந்து, நூல் வெளியே தெரிந்தது. இதையும் விற்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே தலையாட்டி, துண்டைத் திரும்ப வாங்கி டின்னுக்குள் போட்டு மூடினார்.

சட்டை 15 யூரோ. பேரம் பேசவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும் முன், காலரை இழுத்து நேராக்கி, மேல் பட்டனைப் போட்டார்.

அதன்பின் கால் தானாக ஒரு சின்னக் கடைக்குள் போனது. சோல்யாங்கா என்று ஒரு சூப், 6 யூரோ. ரஷ்யாவிலிருந்து வந்து கிழக்கு ஜெர்மனி சமையலில் ஊறிப்போன ஒன்று. தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, கறித் துண்டுகள், மேலே ஒரு எலுமிச்சை வில்லை, ஒரு கரண்டி புளித்த கிரீம். அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும் உடம்புக்குச் சூடு வந்தது.

மாலை ராணுவ வரலாற்று அருங்காட்சியகம். பழைய ஆயுதக் கிடங்குக் கட்டடத்தை டேனியல் லிபஸ்கிண்ட் என்ற கட்டடக் கலைஞர் கூர்மையான ஒரு உலோக ஆப்பால் பிளந்த மாதிரி மாற்றியமைத்து, 2011இல் திறந்தார்கள். இரண்டு ராணுவத்தின் சீருடையும் உள்ளே உண்டு. கிழக்கு, கல்சாம்பல் நிறத்தில் பழைய ஜெர்மன் வெட்டை வைத்துக்கொண்டது. மேற்கு, தொடக்கத்தில் அமெரிக்கர்கள் பக்கம் சாய்ந்தது. ஒரே மொழி பேசும் தையல்காரர்கள் முப்பது வருடத்துக்கும் மேல் ஒருவரையொருவர் எதிரி என்று வைத்துத் தைத்திருக்கிறார்கள். மூடும் நேரம் வந்ததால் மேல்தளம் பார்க்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு – பெர்லின்

மவுவர்பார்க் சந்தை. பெயருக்கே சுவர்ப் பூங்கா என்றுதான் அர்த்தம், பெர்லின் சுவர் ஓடிய இடம். கூட்டம் திருவிழா மாதிரி. விலையும் அப்படித்தான்: கடையில் 35 யூரோ விலை சொன்ன அதே ஜாக்கெட் இங்கே 60.

ஒருவர் ஃப்ளெக்டார்ன் ஜாக்கெட் என்று ஒன்றை 45 யூரோ சொன்னார். ஃப்ளெக்டார்ன் என்பது 1990 வாக்கில் புண்டஸ்வேர் எடுத்துக்கொண்ட புள்ளிப்புள்ளி உருமறைப்பு வண்ணம், ஐந்து நிறம். இதில் எண்ணினால் மூன்று நிறம்தான். லேபிளில் 22. டென்மார்க். டேனிஷ் வண்ணம் ஃப்ளெக்டார்னைப் பார்த்து உருவானது, அதனால் குழப்பம் வரும். விற்றவரிடம் லேபிளைக் காட்டினேன். நிஜமாகவே அவருக்குத் தெரியாது. ஒரு அட்டையை எடுத்து அங்கேயே 'டென்மார்க்' என்று எழுதி மாட்டினார்.

வெள்ளைத் தோலும் சாம்பல் ஸ்வீடும் சேர்ந்த பழைய ராணுவ உடற்பயிற்சி ஷூ ஒரு ஜோடி இருந்தது. 70, 80களில் கொடுத்தது. பின்னால் பாரிஸ் ஃபேஷன்காரர்கள் கையில் பல மடங்கு விலைக்கு மறுபிறவி எடுத்தது. அளவு 265 என்று பாதத்தின் நீளம் மில்லிமீட்டரில் அச்சாகியிருந்தது. சோலை வளைத்தேன், விளிம்பில் பசை விட்டு வாய் பிளந்தது. வைத்துவிட்டேன். ஒரு கம்பளிக் கோட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன், வானத்து நட்சத்திரம் மாதிரி பூச்சித் துளைகள். கம்பளி வாங்குகிறவர்கள் இப்படிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இரண்டு மணிக்குப் பெரிய மழை. போட்டிருந்தது மோல்ஸ்கின் ஜாக்கெட். காற்றை மறிக்கும் அந்தத் துணி தண்ணீரை மறிப்பதில்லை, குடிக்கிறது. விடுதிக்கு வந்து கழற்றியபோது தோள் வலித்தது.

அக்டோபர் 7, திங்கள் – பெர்லின்

காலையில் சலவைக்கூடம். கூடவே சேர்ந்த அந்துருண்டை வாசனை போக ஜாக்கெட்டைத் தனியாக 40 டிகிரியில் போட்டேன். துவைத்த தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி போனது. டிரையரில் போட மனமில்லை. அறையில் ஹீட்டர்மேல் விரித்தும் சாயங்காலம்வரை அக்குள், காலர், பாக்கெட் மடிப்பு எதுவும் காயவில்லை. ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். அந்த அம்மாவின் அண்ணன் சட்டையைத் துவைக்கவில்லை.

அக்டோபர் 9, புதன் – திருப்பூர்

மொட்டை மாடிக் கொடியில் காலை எட்டு மணிக்குப் போட்டது, வெயிலில் மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. சாயங்காலம் மாஸ்டர் அண்ணன் வந்தார். ஜாக்கெட்டை மேஜைமேல் விரித்து, காஜாவை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பிறகு அவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையில் டேப்பை வைத்தேன். அக்குளுக்கு அக்குள் 57. ஒரு சென்டிமீட்டர் போயிருந்தது.